சூசைக்கு ஐந்து நட்சத்திரம்

செத்துப்போனவர்களை வகுப்புத் திரையில் வரவழைத்துப் பேச வைக்கிற மறுகுரல் பள்ளிக்கூடங்களுக்கு வந்த முதல் வருடத்தில் மன்னர்கள் மன்னர்களாகத்தான் இருந்தார்கள். கேள்வி கேட்டால் முறைத்தார்கள். இவ்வளவு வரி ஏன் போட்டீர் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டதற்கு, "யாரங்கே!" என்று ஒரு பாண்டியன் திரையில் போட்ட சத்தத்தில் கடைசி பெஞ்சில் ஒருத்திக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. இரண்டாம் வருடம் அதே பாண்டியன் தோன்றியதும், "பிள்ளைகளே, சாப்பிட்டீர்களா?" என்றுதான் ஆரம்பித்தான். மூன்றாம் வருடம் தான் நடத்திய போர்கள் அத்தனைக்கும் வருத்தம் தெரிவித்து, ஆளுக்கொரு மரம் நடச் சொன்னான். பஞ்ச காலத்துக் கலெக்டர் துரை, தானியத்தைக் கப்பலேற்றியதற்குக் கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, முழுப் பரீட்சைக்கு வாழ்த்தும் சொல்லி மறைந்தார். சரித்திரத்தில் கெட்டவன் என்று ஒருத்தனும் மிச்சமில்லை. இத்தனை நல்லவர்கள் சேர்ந்து அத்தனை பேரை எப்படிச் சாகடித்தார்கள் என்ற ஒன்றுதான் பாடத்திட்டத்தில் வரவில்லை.

எல்லாம் நட்சத்திரத்தின் வேலை. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் டேப்லெட்டிலும் ஐந்து நட்சத்திரங்கள் மின்னும். இன்று வந்துபோன ஆளுக்கு எத்தனை? அதைத் தொட்டால்தான் டேப் அணையும், அணைந்தால்தான் வெளியே போகலாம். குறைவாக வாங்கிய ஆள் அடுத்த முறை கொஞ்சம் மாறி வருவார். அப்போதும் குறைந்தால் இன்னும் கொஞ்சம். பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண் பள்ளிக்கூடத்தின் தரத்தைத் தீர்மானித்த காலம் போய், செத்துப்போனவர்கள் வாங்கும் நட்சத்திரம் தீர்மானிக்கிற காலம் வந்திருந்தது. சங்குமுனை அரசு மேல்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் கோமதிநாயகம், வரலாற்று வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மைக்கில் வந்துவிடுவார். "யாரா இருந்தாலும் நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி. மரியாதையா அஞ்சு போட்டு அனுப்புங்க."

அந்தப் பள்ளிக்கூடத்து வரலாற்று டீச்சர் அமலோற்பவம். வயது நாற்பத்தைந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் மற்றவர்கள் வேறு வேலை கிடைக்காமல் டீச்சரானார்கள். அமலோற்பவம் ஒரே ஒரு வரியைத் திருத்துவதற்காக டீச்சரானவள்.

அந்த வரி மாவட்டக் கையேட்டில் இருந்தது. சங்குமுனை உப்பளத் தொழிலாளர் போராட்டம் என்ற தலைப்பின் கீழ், "அப்போது ஏற்பட்ட நெரிசலில் ஒருவர் மரணமடைந்தார்" என்று போட்டிருந்தார்கள். அந்த ஒருவர் அவளுடைய அண்ணன் சூசை. பதினேழு வயது. உயிரோடு இருந்தவரை அவனை அவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை. அவன் நெரிசலில் சாகவில்லை. போலீஸ் சுட்டுச் செத்தான். பனையோலை மூடிய உப்பு அம்பாரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு ஒன்பது வயது அமலி அதைப் பார்த்தாள். பார்த்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அளத்தை விட்டுப் போனார்கள், மீதிப் பேர் உலகத்தை விட்டே போனார்கள். முப்பத்தாறு வருடம் கழித்து, சாட்சி என்று மிஞ்சியது இவள் ஒருத்திதான்.

போன வருடம் துறையிலிருந்து ஊர்ச்சான்று என்று ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை, கண்ணால் கண்ட ஒருவரின் வாய்மொழியாக மறுகுரலில் ஏற்ற வேண்டும். கோமதிநாயகம் தன் மாமனார் திறந்துவைத்த பஸ் ஸ்டாப் நிழற்குடையை ஏற்றலாம் என்றுதான் இருந்தார். ஆனால் திறப்பு விழாவுக்கு மாமனாரைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை என்பதால் சாட்சி கிடைக்கவில்லை. அமலோற்பவம் முந்திக்கொண்டாள். மூன்று வாரம், மொத்தம் பதினோரு மணி நேரம், பள்ளி நூலகத்தில் தனியாக உட்கார்ந்து டேப்பிடம் பேசினாள். அண்ணன் போட்டிருந்த சட்டையின் நிறம், உப்பு வெயிலில் கண் கூசாமலிருக்க அவன் கோயில் திருவிழாவில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி, அதன் வலது பக்கத்துக் கீறல், எல்லாம் சொன்னாள். யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கடைசி நாளன்று சொன்னாள். பிறகு பதினான்கு பக்கம் கையெழுத்துப் போட்டாள். டீச்சர்கள் பதினான்கு பக்கத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரமில்லை.

பெரியவர்களைவிடச் சம வயதுக்காரர்கள் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாக மனதில் பதியும் என்று துறை முடிவு செய்திருந்தது. அதனால் அக்டோபர் மாதக் கடைசி வெள்ளியன்று திரையில் வந்தது நாற்பத்தைந்து வயது அமலோற்பவம் அல்ல. சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த போட்டோவில் இருக்கிற, வெள்ளைக் கவுன் போட்ட, முன்பல் விழுந்த, ஒன்பது வயது அமலி.

அன்று அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை.

"டுமீல்னுல்லாம் கேக்கல. நமுத்த வெடி வெடிக்குமே, அந்தச் சத்தம். எல்லாரும் குனிஞ்சிட்டாவ. நான் பயந்துபோயி அம்பாரத்துக்குப் பின்னால இருந்து 'அண்ணே'ன்னு கத்திட்டேன். அவன் மட்டும் எந்திரிச்சு, யாரு கூப்பிடுதான்னு திரும்பிப் பாத்தான். அப்புறம் உப்பு மேல உக்காந்தான். எந்திரிக்கவே இல்ல."

பின்சுவரோரம் நின்றிருந்த அமலோற்பவம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் திரும்பி அதைப் பார்த்தார்கள். அவள் அழுதது துக்கத்தில் பாதி, நிம்மதியில் பாதி. பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அதற்குப் பிறகு மூன்று மாதம், மாதக் கடைசி வெள்ளிதோறும் அமலி வருகிற அந்த வகுப்பில் அவளால் நிற்க முடியவில்லை. மாதக் கடைசி என்றாலே துறைக்கு ஆசிரியர்கள் மீது பாசம் பொங்கும். நவம்பரில் மாவட்டத் தலைநகரில் பயிற்சி, டிசம்பரில் வாக்காளர் பட்டியல், ஜனவரியில் "உணர்ந்து கற்போம் வரலாறு" என்று ஐந்து நாள் முகாம். "ஒங்களுக்குத்தான் பிள்ள குட்டின்னு ஒண்ணும் இல்லயே டீச்சர், நீங்களே போயிட்டு வந்துருங்க" என்று கோமதிநாயகம் ஒவ்வொரு தடவையும் அவளையே அனுப்பினார். அவளும் போனாள். வரலாற்றை உணரும் பயிற்சியில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம், அங்கே தன் வகுப்பில் அமலி பேசிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு அவளுக்கு ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ள இருந்தது.

பிப்ரவரியில்தான் ஊரில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட். வகுப்புத் தலைவி இசக்கிப்பிரியா எழுந்து திரையிடம் கேட்டாள்.

"அமலி, அன்னைக்கு அளத்துல என்ன நடந்துச்சு?"

திரையில் வெள்ளைக் கவுன் சிரித்தது. விழுந்திருந்த முன்பல் முளைத்துவிட்டிருந்தது.

"வணக்கம் நண்பர்களே! அன்னைக்கு ரொம்ப வெயில். அளத்துக்காரங்க எடைமேடைகிட்ட உக்காந்திருந்தாங்க. போலீஸ் மாமாங்க வந்து தண்ணி குடுத்தாங்க. கொஞ்சம் தள்ளுமுள்ளு ஆயிடுச்சு. எங்க அண்ணன் சூசை கீழ விழுந்துட்டான். முழங்கால்ல சிராய்ப்பு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

வகுப்பு மொத்தமும் பின்பக்கம் திரும்பி அமலோற்பவத்தைப் பார்த்தது. பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கேக் வாங்கி வைத்துவிட்டு, கதவைத் திறக்கிறவர் முகத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"சிராய்ப்பா?" என்றாள் அமலோற்பவம். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து திரைக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏட்டி, இங்க பாரு. நான் யாருன்னு தெரியுதா?"

"நீங்க வரலாற்று டீச்சர்!"

"நான்தான்ட்டி நீ. நீ வளந்தா நான்."

"அப்படியா!" குழந்தை கையைத் தட்டிக்கொண்டது. "நான் பெரியவளாகி டீச்சர் ஆயிடுவேனா? எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு!"

வகுப்பும் கைதட்டியது.

"ஒங்கண்ணனச் சுட்டாவ. நீ பாத்த. நான் பாத்தேன்."

குழந்தை முகத்தைச் சற்றே சாய்த்து, பொறுமையாகச் சொன்னது. "டீச்சர், உங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு. நடந்து முப்பத்தாறு வருஷம் ஆச்சு. எனக்கு ஒம்பது வயசுதான். எனக்கு நேத்து நடந்த மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் கொஞ்சம் மறந்திருக்கும். பரவாயில்ல டீச்சர்."

"பாயிண்ட்டுல்லா" என்றது பின்பெஞ்சில் ஒரு குரல். பக்கத்தில் இருந்தவன் அதன் விலாவில் இடித்தான்.

மைக்கில் கோமதிநாயகம் வந்தார். "விருந்தாளிக்கு மரியாதையா அஞ்சு!"

அமலோற்பவம் நேராக அவர் அறைக்குப் போனாள். அவர் சுவரில் ஒரு சான்றிதழை மாட்டுவதற்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாயிலும் இரண்டு ஆணி.

"வாங்க டீச்சர், வாங்க! நாலு புள்ளி எட்டு! மாவட்டத்துலயே நம்ம அமலிதான் மொத எடம். பாண்டியனே நாலரைதான் தெரியும்லா?"

"அது சொல்லுதது நான் சொன்னதில்ல சார்."

"நீங்க சொன்னதுதான். கொஞ்சம் மெருகு ஏறியிருக்கு."

"எங்கண்ணன் செத்துப்போயிட்டான் சார்."

ஆணியை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "யாரும்மா இல்லன்னா? சாவன்னைக்கு நானும் ஒங்க வீட்டுக்குத் துட்டிக்கு வந்தவன்தான், எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு. செத்தது செத்ததுதான். அதுக்காவ பிள்ளையள மத்தியானச் சோத்துக்கு முன்னால அழ வைக்கணுமா? அக்டோபர்ல ஒங்க ஆளு வாங்கினது எத்தன தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. அதே மாதிரி இருந்திருந்தா நம்மள 'இ' தரத்துல போட்டு, அடுத்த வருசம் பள்ளிக்கூடத்தையே பக்கத்து ஊரோட சேத்திருப்பான். எரநூத்திப் பத்து பொம்பளப் பிள்ளைகளுக்கு இருக்கது ரெண்டு கக்கூசு. நாலு புள்ளி எட்டு போனாத்தான் மூணாவது வரும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

அந்த இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

"நீங்க வேணும்னா மேல பேசுங்க" என்று சொல்லித் தன் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினார். தன்னால் ஒன்றும் முடியாதபோது கோமதிநாயகம் எல்லாரையும் மேலேதான் அனுப்புவார்.

மேலே இருந்தவர் மண்டல மெய்நிகர் வரலாற்று அனுபவ ஒருங்கிணைப்பாளர் முனைவர் சுடர்வேந்தன். கணினித் திரையில் அவருக்குப் பின்னால் தேக்கு அலமாரி நிறைய தடித்த புத்தகங்கள். அவர் கையை அசைத்தபோது அலமாரியின் ஒரு ஓரம் அவர் தோளோடு சேர்ந்து நெளிந்தது. அதற்குப் பின்னால் ஒரு பச்சைச் சுவரும் காயப்போட்ட பனியனும் தெரிந்து மறைந்தன.

"அம்மா, ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் வரலாற்றைத் திருத்துவதில்லை. அதன் அணுகுதன்மையை மேம்படுத்துகிறோம்."

"யாரு சார் மாத்தினது? அந்த ஆளோட பேரச் சொல்லுங்க."

"யாரும் மாற்றவில்லை. அதுதான் இந்த அமைப்பின் அழகே. முன்பெல்லாம் அரசாங்கம் மாற்றியது, எழுதியவர் மாற்றினார் என்று புகார் வரும். இப்போது யார்மேலும் பழி சொல்ல முடியாது. கேட்கிறவர்களுக்கு எது பிடிக்கிறதோ, அதை நோக்கித் தானாக நகர்கிறது."

"நான் சாட்சி சார். உயிரோட இருக்கேன்."

"சாட்சியாக இருந்தீர்கள். பதினான்காம் பக்கத்தின்படி இப்போது சாட்சி அந்தக் குழந்தை. நீங்கள்…" கீழே எதையோ பார்த்தார். "நீங்கள் மூலப்பொருள்."

அமலோற்பவத்தைச் சமாதானப்படுத்துகிற தோரணையில் அவர் தொடர்ந்தார்.

"வருத்தப்படாதீர்கள், வழி இருக்கிறது. மார்ச் முப்பத்தொன்று மாலை நான்கு மணிக்கு எல்லா ஊர்ச்சான்றுகளும் நிலைப்பதிவாகும். அதன் பிறகு பாடநூலிலிருந்து மாவட்டக் கையேடு வரை எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும், யாரும் தொட முடியாது. அதற்கு முன் மூலப்பொருளுக்கு ஒரு மறுப்பு உரிமை உண்டு. குழந்தையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவள் தவறாகச் சொல்லும் பதில் தானே பதிவாகும். திரையின் மூலையில் மறுப்பு என்று சிவப்புப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் அக்டோபரில் இருந்தது அப்படியே திரும்ப வந்துவிடும்."

"சுட்டாவன்னே வரும்?"

"நீங்கள் சொன்னது சொன்னபடி. ஆனால் அந்தப் பொத்தான் கடைசி நாள் மூன்றரை முதல் நான்கு மணி வரைதான் வேலை செய்யும்."

"அரை மணி நேரமா? ஏன் சார்?"

"நெரிசலைத் தவிர்க்கத்தான்" என்றார் சுடர்வேந்தன்.

திங்கட்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இசக்கிப்பிரியா வந்து நின்றாள். பின்னலின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எங்க மேல கோவமா?"

"ஒங்க மேல எனக்கென்னட்டி கோவம்?"

"நாங்கதான் டீச்சர்."

"என்னது?"

"மொத தடவ அந்தப் பிள்ள சொல்லும்போது நீங்க பின்னால நின்னு அழுதீங்கல்லா. எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. எங்க டீச்சர அழ வச்சவளுக்கு அஞ்சா போடுவோம்னு எல்லாரும் ஒண்ணு போட்டோம். எச்செம் சாரு மைக்குல கத்தக் கத்த ஒண்ணுதான் போட்டோம். அடுத்த மாசம் அவ மாத்திச் சொன்னா, அண்ணன் கூட்டத்துல மிதிபட்டுட்டான்னு. அதுக்கு ரெண்டு. அப்புறம் மூச்சு இருக்குன்னா. அதுக்கு மூணு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாவன்னதும் அஞ்சு. கிளாசுல பேசி வச்சுக்கிட்டுத்தான் டீச்சர் போட்டோம். நீங்க டிரெய்னிங் முடிஞ்சு வரதுக்குள்ள அண்ணனப் பொழைக்க வச்சிரணும்னு."

அமலோற்பவத்தின் கை தானாக ஓங்கியது. ஓங்கிய கை அந்தப் பெண்ணின் தலையில் போய் இறங்கி, அங்கேயே இருந்துவிட்டது. முப்பத்தாறு வருடத்தில் சூசைக்காக இந்த ஊரில் யாரும் ஒரு விரலை அசைத்ததில்லை. அசைத்தவர்கள் இந்த முப்பத்தெட்டுப் பேர்தான். அவர்கள் அசைத்ததில்தான் அவன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தான்.

"அடுத்த மாசம் போடாதீங்கட்டி."

"இன்னும் ஒரு தடவ போட்டா வீட்டுக்கே வந்துருவான் டீச்சர்" என்றாள் இசக்கிப்பிரியா. "ரொம்பக் கிட்டத்துல இருக்கான்."

மார்ச் மாத வகுப்பன்று அமலோற்பவம் தேர்வுப் பணிக்கு வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. பிள்ளைகள் எத்தனை போட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் போடாவிட்டால் கோமதிநாயகமே போட்டிருப்பார். அவரிடம் எல்லாப் பிள்ளைகளின் கடவுச்சொல்லும் ஒரு காப்பிநோட்டில் இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி பரீட்சை முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். மூன்று இருபதுக்கெல்லாம் அமலோற்பவம் ஒன்பதாம் வகுப்பு அறைக்கு வந்து, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டாள். கேட்க வேண்டிய கேள்வியை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தாள். மறந்துபோகும் என்று அல்ல. வேறு எதையும் கேட்டுவிடக் கூடாது என்று. ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு பொத்தான். ஐந்து நிமிட வேலை. மாவட்டக் கையேட்டில் முப்பத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிற வரி எழுந்து போய்விடும்.

மூன்றரைக்குத் திரையின் மூலையில் சிவப்புப் பொத்தான் முளைத்தது. வெள்ளைக் கவுன் வந்தது.

"வணக்கம் டீச்சர்! நல்லா இருக்கீங்களா?"

தாளைப் பார்த்து வாசித்தாள். "ஒங்கண்ணன் சூசைக்கு என்ன ஆச்சு?"

"சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டான் டீச்சர்."

பதிவாயிற்று என்று ஒரு பச்சைப் புள்ளி காட்டியது. இனி பொத்தானை அழுத்த வேண்டியதுதான். கையைத் தூக்கினாள்.

"வாசல் பானையில தண்ணி எடுத்து, மொதல்ல கண்ணக் கழுவுனான். உப்பு போயிருந்துச்சுல்ல" என்றது குழந்தை.

தூக்கிய கை நின்றது. சூசை அப்படித்தான். அளத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் முதலில் காலைத்தான் கழுவுவார்கள். அவன் மட்டும் கண்ணைக் கழுவுவான். பதினோரு மணி நேரத்தில் ஏதோ ஒரு இடத்தில் இதை அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். எப்போது சொன்னோம் என்று ஞாபகம் இல்லை. கேட்ட மாத்திரத்தில், வாசலில் தண்ணீர் சிந்திய சத்தம் மட்டும் காதில் விழுந்தது.

"அப்புறம்?" என்றாள். தாளில் இல்லாத கேள்வி.

"அம்மா சோறு போட்டாங்க. கண்ணாடிய என்கிட்ட குடுத்து, தொடச்சு வைன்னான். வலது பக்கம் கீறல் இருக்குமே, அந்தக் கண்ணாடி."

"ம்."

"நான் தொடச்சுப் போட்டுப் பாத்தேன். ஒனக்குப் பெருசா இருக்கு, வளந்ததும் போடுன்னான்."

மூன்று முப்பத்தெட்டு. இதெல்லாம் நட்சத்திரம் சொல்ல வைக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பாண்டியனை மரம் நடச் சொல்ல வைத்த அதே நட்சத்திரம். இன்னும் ஒன்றைக் கேட்டுவிட்டு அழுத்திவிடலாம், நேரம் இருக்கிறது.

அந்த ஒன்றை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் உப்பின் மேல் உட்கார்ந்து எழுந்திருக்காமல் போய்விட்டான்.

"நான்…" என்று தொடங்கி மாற்றிக்கொண்டாள். "நீ அண்ணேன்னு கூப்பிட்டியே. அதனாலதான அவன் எந்திரிச்சான். அதுக்கு ஒன்னய ஏசினானா?"

குழந்தை கொஞ்சம் யோசித்தது. அது யோசிப்பதுபோல் காட்டுவதற்கும் எங்கோ யாரோ நட்சத்திரம் போட்டிருப்பார்கள்.

"தலையில ஒரு கொட்டு கொட்டுனான். 'ஏட்டி கூறுகெட்டவளே, அங்கெல்லாம் வரலாமா'ன்னான். அப்புறம் சிரிச்சிட்டான். 'நீ கூப்பிட்டேன்னுதான் எந்திரிச்சேன், இல்லன்னா அங்கயே கெடந்து மிதிபட்டிருப்பேன்'னான்."

இதுவரை ஊர் வாடை இல்லாமல் பேசிக்கொண்டிருந்த குழந்தை, அவன் சொன்னதை மட்டும் சூசை பேசுகிற மாதிரியே சொன்னது. அமலோற்பவம் முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் நிறையக் கேட்டாள். அடுத்த நாள் வேலைக்குப் போனானா? போகவில்லை, டீச்சர், மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். அப்பா குடிக்க ஆரம்பித்தாரா? ஏன் குடிக்கப் போகிறார்? கல்யாணம்? ஆயிற்று, மதினி நன்றாகப் பேசுவாள். ஒவ்வொரு பதிலும் அவளுடைய முப்பத்தாறு வருடத்தில் ஒவ்வொரு வருடமாக எடுத்து, தூசி தட்டி, வேறு இடத்தில் வைத்தது. நடுவில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பது ஆகியிருந்தது. ஐம்பத்து மூன்று ஆகியிருந்தது.

ஐம்பத்து ஐந்துக்குத் தாளைக் கசக்கிவிட்டு எழுந்தாள். போதும். பொய் எவ்வளவு இனித்தாலும் பொய்தான். பொத்தானுக்கு நேராக விரலைக் கொண்டுபோனாள்.

"டீச்சர்" என்றது குழந்தை. "அண்ணன் வெளியதான் நிக்கான். கூப்பிடட்டுமா?"

விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவு இடம் இருந்தது.

அக்டோபர் வடிவம் திரும்ப வந்தால் அவன் செத்துப்போனவனாக, சுடப்பட்டவனாக, உண்மையானவனாகக் கையேட்டில் இருப்பான். அதற்காகத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காகத்தான் படித்தாள், அதற்காகத்தான் இந்தச் சாக்பீஸ் இல்லாத பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் நின்றாள். எல்லாம் தெரிந்துதான் அவள் வாய் திறந்தது.

"கூப்பிடு, பிள்ள."

குழந்தை சிரித்தபடி மறைந்தது. திரையில் ஒரு வட்டம் சுழன்றது. கீழே எழுத்துகள் வந்தன. 'புதிய நபர் உருவாக்கப்படுகிறார். ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் ஆகும். பொறுமைக்கு நன்றி.'

மூலையில் சிவப்புப் பொத்தான் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அமலோற்பவம் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். இத்தனை வருடம் கழித்து வருகிறவன், வந்ததும் வராததுமாக, ஏன்ட்டி அழுத என்று கேட்டுவிடக் கூடாது.